மிதிக்கக் கூடாத கல்

"அது என்னங்க, வயலோட அந்தக் கோடியில வெள்ளையா?"

"அது எங்க ஊட்டுக் கல்லு."

"சாமியா?"

"அப்படின்னும் வெச்சுக்கலாம். அம்மா உன்னக் கூட்டிட்டுப் போவாங்க. அப்பத் தெரிஞ்சுக்குவ."

"இப்பவே போய்ப் பாத்துட்டு வரட்டா? இதோ இருக்கே."

"வேண்டாங் கண்ணு. நாமளாப் போவக் கூடாது. மாமியாருதான் மருமவளக் கூட்டிட்டுப் போவோணும். மொத அறுப்புக்கு, மொதக் கதிரோட."

கல்யாணமாகி மஞ்சக்குட்டைக்கு வந்த மறுநாள் காலையில், அடுப்படி ஜன்னலருகே நின்று வெங்கடேஷும் வெண்ணிலாவும் பேசிக்கொண்டது இது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அறுப்பு என்ன பெரிய தூரமா, இந்தா வந்துவிடும் என்று நினைத்தாள்.

முதல் வருஷம் சாமைக் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. அறுப்பே இல்லை. போன வருஷம் நல்ல விளைச்சல். அறுப்பன்று விடியுமுன் எழுந்து, குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு வெண்ணிலா வெளியே வந்தபோது, மாமியார் பாவாயி ஈரக் கால்களோடு வாசலேறிக்கொண்டிருந்தாள். தனியாகப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். "எந்திரிச்சிட்டியா வெண்ணிலா, பாலை அடுப்புல வெச்சிரு" என்றாள்.

அவ்வளவுதான். சேலத்திலிருந்து காதலித்துக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள், என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று எந்த உரிமையில் கேட்பாள்? புதுச்சேலையை மடித்து வைத்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தாள்.

ஊரில் இருக்கிற பெண்பிள்ளைகளையெல்லாம் கண்ணு, சாமி என்று கூப்பிடுகிற பாவாயி, இவளை மட்டும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். மரியாதைதான். ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை.

வாயால் கேட்காதது வெண்ணிலாவுக்குக் கைவழியாக வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பிளாக் வரைவது அவள் தொழில். பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஒரு பிடி மண், ஒரு துண்டுப் பாறை, ஒரு மரப்படி. புள்ளி புள்ளியாக நிறம் வைத்து முடித்து ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் மலையாகும், பாலமாகும், காப்பித் தோட்டமாகும். அதன் மேல் ஒரு பொம்மைப் பெண் ஓடித் தாவி ஏறுவாள். அவளை ஓட வைப்பது அஃப்சானாவின் வேலை. சேலத்தில் வெண்ணிலாவோடு ஒன்றாகப் படித்தவள். ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அமீர் ஜானின் மகள். தோழிகள் இருவரும் சேர்ந்து செய்த முதல் சொந்த விளையாட்டுக்கு 'மலையேறி' என்று பெயர்.

அதில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பனிக்குள் மங்கலாக ஒரு கல் நிற்கும். சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் மஞ்சள் பட்டை, உச்சியில் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி. விழுந்தெழுந்து வருகிற பெண் கடைசியில் இரண்டு காலாலும் அந்தக் கல்லின் மேல் குதிப்பாள். மணியடிக்கும். கட்டம் முடிந்தது.

போய்ச் சேர வேண்டிய இடம் என்று யோசித்தபோது வெண்ணிலாவின் கை அந்தக் கல்லைத்தான் வரைந்தது. அடுப்படி ஜன்னலிலிருந்து தினம் பார்க்கிற, கிட்டத்தில் போயறியாத கல். தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி யாரும் எதுவும் சொல்லியிருக்கவும் இல்லை.

விளையாட்டின் முன்னோட்டத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்று வெளியிட்ட மறுநாளே, மஞ்சக்குட்டை டீக்கடையில் பங்காளி வேலுசாமி அதைத் தன் போனில் போட்டு மாமனார் சின்னையனுக்குக் காட்டிவிட்டார். "ஏனப்பா, உன்ற மருமவ நம்ம கல்லப் படிக்கல்லா ஆக்கிப்புட்டா போல இருக்குதே" என்று கேட்டாராம். கடையில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்களாம். சின்னையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

அதோடு அந்த நாள் முடிந்தது. இன்று காலை விடிந்தபோது வீடு கல்போலக் கிடந்தது.

சின்னையன் சத்தம் போடுகிறவர் இல்லை. வெண்ணிலா வைத்த காப்பியைத் தொடவில்லை. ஆடை கட்டி ஆறிப்போக விட்டார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அறுப்பு வேண்டாம்."

வெங்கடேஷ் பதறிப்போனான். வானம் மூடிக்கொண்டு வருகிறது, கதிர் உதிர ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு மழை தாங்காது என்றான்.

"உதிரட்டும். மிதிபட்ட கல்லுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கதிரு வெக்கச் சொல்லறது? தெரியாத புள்ளைன்னாப் போவுதுன்னு உட்டுரலாம். போன அறுப்புக்கு உங்கம்மா கூட்டிட்டுப் போயி, அங்க நிக்க வெச்சு எல்லாஞ் சொல்லிக் குடுத்திருக்கா. அதுக்கப்பறமும் அது மேல குதிக்கற மாதிரிப் போடறான்னா, அது என்ன மனசு?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வெண்ணிலாவின் கை நின்றுவிட்டது.

விடியுமுன் பெண்கள் மட்டும் போய்வருகிற காரியம் அது. ஆண்கள் கூடப் போவதும் இல்லை, திரும்பி வந்ததும் கேட்பதும் இல்லை. மருமகளை மாமியார் கூட்டிப்போனாளா என்று சின்னையன் ஒருநாளும் விசாரித்ததில்லை. போயிருப்பாள் என்றே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

வெண்ணிலா மாமியாரைப் பார்த்தாள். பாவாயி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை. 'நான் அவளைக் கூட்டிட்டுப் போகலைங்க.' பாவாயி அதைச் சொல்வாள் என்று வெண்ணிலா காத்திருந்தாள். பால் பொங்கியது, பாவாயி இறக்கி வைத்தாள். சின்னையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார். அந்த வார்த்தை வரவே இல்லை.

---

வெங்கடேஷ் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன். வெண்ணிலாவை மட்டும் ஏற்றிக்கொண்டு, வழியில் கை காட்டினவர்களை ஏற்றாமல் அவன் ஏற்காட்டுக்கு வண்டியை விட்டது அன்றைக்குத்தான். பின்னால் யாரோ திட்டுவதுகூடக் கேட்டது.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வைப்பர் இடமும் வலமும் போவதையே பார்த்துக்கொண்டு வெண்ணிலா கேட்டாள்.

"நான் வரைஞ்சப்பவே நீங்க பாத்தீங்கல்ல?"

அவன் கியரை மாற்றினான்.

"பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா, அத்தை ஏன் என்னக் கூட்டிட்டுப் போகலன்னு நீ கேப்ப. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல நிலா." கொஞ்ச தூரம் போனபின் தானாகவே மீண்டும் பேசினான். "அம்மாகிட்டக் கேக்கோணும்னு எத்தனையோ வாட்டி நெனச்சேன். பயந்துக்கிட்டேன்."

கணவன் பயந்துகொண்டேன் என்று சொன்னால் கோபம் வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. அவளும்தானே பயந்துகொண்டிருந்தாள்.

அமீர் ஜான் கடைக்கு மேலே, மிளகு மூட்டை வாசனை ஏறிவருகிற அறையில் அஃப்சானா தலையை விரித்துப் போட்டபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் கம்பெனிக்காரர் பாலசுப்பிரமணியம் வீடியோ அழைப்பில் வருகிறார். முன்னோட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு, முழு விளையாட்டையும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்கிறேன் என்றிருந்தார். அஃப்சானா வேறெங்கும் வேலைக்குப் போகாமல் இதையே பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவளிடம் போய் அந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்று வெண்ணிலா சொன்னபோது, அவள் திரும்பிப் பார்த்த பார்வையே ஒரு மாதிரியாக இருந்தது.

நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தபின் பெருமூச்சு விட்டாள். சரி, கல்லை மாற்று, அதற்கென்ன என்றாள். ஒரு பிளாக்கை மாற்றினால் போதும். அது எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் தானாக மாறிவிடும்.

வெண்ணிலா கல்லைத் திறந்தாள். வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சாம்பலாக்கினாள். மஞ்சள் பட்டையை அழித்தாள். கடைசியாக உச்சியில் இருந்த சிவப்பு. ஆயிற்று. அத்தனை கட்டங்களிலும், அத்தனை மலைகளிலும், ஒரே நேரத்தில் வெள்ளைக் கல் மறைந்து சாதாரணப் பாறை வந்து உட்கார்ந்துகொண்டது. பொம்மைப் பெண் ஓடிவந்து அதன் மேல் குதித்தாள். மணியடித்தது.

அஃப்சானா அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"இது போய்ச் சேர்ற எடமாவே இல்லடி" என்றாள் அஃப்சானா. "வழியில கெடக்கற பாறை மாதிரி இருக்கு. முன்னோட்டத்தப் பாத்துட்டு அந்தக் கம்பெனிக்காரரு நமக்கு எழுதினதே அந்த வெள்ளைக் கல்லப் பத்தித்தான்."

அந்தச் சமயத்தில் அஃப்சானாவின் அம்மா பரிதா சமோசாத் தட்டோடு மேலே வந்தாள். திரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். "இந்தப் புள்ள காலைலேருந்து குதிச்சுக்கிட்டே இருக்காளே, உக்காரவே மாட்டாளா? அவளுக்கும் ஒரு வாய் குடுங்கடி" என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டுப் போனாள். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

வெண்ணிலா பழைய கல்லையே மீண்டும் கொண்டுவந்தாள். "கல்லு இருக்கட்டும். ஆனா அவ அது மேல ஏற வேண்டாம்."

ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் போட்டால் அந்த பிளாக்கின் மேல் கால் வைக்கலாம். அஃப்சானா அந்த டிக்கை எடுத்துவிட்டாள். இப்போது பெண் ஓடிவந்தாள். கல்லின் முன்னால் வந்து நின்றாள். மணியடிக்கவில்லை. கட்டம் முடியவில்லை. நிற்கும்போது மூச்சு வாங்குவதுபோலத் தோள் மட்டும் ஏறி இறங்க வேண்டும் என்று வெண்ணிலா வரைந்து வைத்திருந்தாள். அவ்வாறே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்து என்ன என்று யோசிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

பாலசுப்பிரமணியம் நல்ல மாதிரியான மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாதையைப் பாராட்டினார். மிளகுக்கொடி சுற்றிய மரத்தைப் பாராட்டினார். பெண் ஓடிவந்து கல்லின் முன் நின்றதும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் ஏறல?"

வெண்ணிலா திரையருகே நகர்ந்தாள். "அது மிதிக்கக் கூடாத கல்லுங்க. எங்க ஊட்டுக் கல்லு."

"ஓ." அவர் முகம் மலர்ந்தது. "இது இன்னும் நல்லா இருக்கே. அவ்வளவு தூரம் ஏறி வந்து, கடைசியில கால் வைக்கக் கூடாதுங்கறது. சரிம்மா, வந்து நின்னுட்டா. இப்ப அவ என்ன செய்யணும்?"

திரையில் அந்தப் பெண் மூச்சு வாங்கினாள்.

"அந்தக் கல்லுகிட்ட வந்தா உங்க வீட்டுல என்ன செய்வாங்க?" அவர் மறுபடியும் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் வெண்ணிலா.

அவர் கோபப்படவில்லை. நாளை மாலைக்குள் அந்த முடிவை மட்டும் சரிசெய்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் இந்தச் சீசனுக்கு வேறொரு விளையாட்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகவே சொல்லிவிட்டு வைத்தார்.

அழைப்பு முடிந்ததும் அஃப்சானா நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். மாமியாரிடம் கேட்டு ஒரே ஒரு வரி அனுப்பு, பூ வைப்பார்களா, சூடம் காட்டுவார்களா, அதுபோதும், மீதியை ராத்திரியோடு ராத்திரியாக நான் முடித்துவிடுகிறேன் என்றாள். முடியாது என்று வெண்ணிலா சொன்னதும் அஃப்சானாவின் பொறுமை அறுந்துபோயிற்று.

"ரெண்டு வருஷமா அந்த ஊட்டுல இருக்க. ஒரு கல்லுக்கு முன்னாடி என்ன செய்யறாங்கன்னு உனக்குத் தெரியாதா? அங்க நீ யாருடி?"

சொன்னபின் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெண்ணிலா பையை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சமோசா தொடாமலே கிடந்தது.

---

திரும்பும்போது வெங்கடேஷ் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். இரண்டு வளைவு தாண்டியபின் மெதுவாகச் சொன்னான். இப்போது போய் அம்மாவிடம் கேட்டால், விளையாட்டுக்காகக் கேட்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

"அங்க பாக்கறத நான் வரையப் போறதில்லீங்க."

"அப்பறம் எதுக்குக் கேக்கோணும்?"

"இத்தன நாளா எதுக்குக் கேக்கலன்னு கேளுங்க."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அம்மா உன்னைக் கூட்டிப்போகவில்லை என்று அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மகன் சொன்னால் அது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது. சின்னையன் வாழ்நாளெல்லாம் பாவாயி செய்ததைச் சரிதானா என்று சோதித்துப் பார்த்தவரில்லை. அந்த நம்பிக்கை உடைந்தால் இந்த வீட்டில் அடுப்பெரியுமா? சொல்லாவிட்டால், தெரிந்தே சாமியை மிதிக்க வைத்தவள் என்ற பேரோடு காலம் முழுக்க அதே அடுப்படியில் நிற்க வேண்டும்.

அத்தையிடம் தனியாகக் கேட்க வேண்டும். அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு, மற்றவர் காதில் விழாமல். அவள் ஒத்துக்கொண்டால் நாளை விடியுமுன் இருவரும் போய் வந்துவிடலாம். எல்லாம் மூடியபடியே சரியாகிவிடும். வீடு வந்து சேரும்வரை வெண்ணிலா இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் பாவாயி அடுப்படியில் இல்லை. வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அறுப்பு வேண்டாம் என்று புருஷன் சொன்ன நாளில், தொழுவத்துக்குக் கேட்கும்படி, சரக் சரக்கென்று. கீழே வயலில் சாமைக் கதிர்கள் தலை கவிழ்ந்து நின்றன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலின் கோடியில், பனிக்கு நடுவே, அந்த வெள்ளை.

"அத்தை."

அரிவாள் நின்றது.

அதே நேரத்தில் சின்னையன் தொழுவத்திலிருந்து வந்தார். யாரையும் பார்க்காமல் வாசல் கட்டிலில் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். வெண்ணிலாவின் பையில் போன் அதிர்ந்தது. அஃப்சானாவாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. ஜீப்பைப் பூட்டிவிட்டு வந்த வெங்கடேஷ் படியருகே அப்படியே நின்றுவிட்டான்.

பாவாயி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று பாவாயிக்குத் தெரிந்துவிட்டது. பார்வை ஒரு தரம் கட்டில் பக்கம் போய்த் திரும்பியது.

"கால் நனைஞ்சு கெடக்குது பாரு," என்றாள் தாழ்ந்த குரலில். "உள்ள போ கண்ணு."

கண்ணு.

எத்தனை நாள் அந்தச் சொல்லுக்காக வெண்ணிலா காது கொடுத்துக் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை, பால் வாங்க வருகிறவளை, வழியில் போகிற யாரையோ அப்படிக் கூப்பிடும்போது எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறாள். இப்போது வந்திருக்கிறது, இவள் வாயை மூடுவதற்காக. ஆனாலும் வந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. சரிங்கத்தை என்று சொல்லி உள்ளே போய்விட்டால் நாளைக்கும் அவள் கண்ணுதான். மழை வரும், கதிர் உதிரும், மாமனார் மெல்ல மறப்பார். அந்தக் கல்லை மட்டும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கல்லின் முன்னால் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டாள்.

பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஈர மண்ணில் மாமியாருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுதான் நினைத்தாள்; அது தாழவில்லை.

"அத்தை, நாளைக்கு என்னையும் கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போங்க. நான் இதுவரைக்கும் அங்க வந்ததில்லீங்க."

கட்டில் கிரீச்சென்றது. சின்னையன் திரும்பினார்.